சொட்டு மருந்துக்கு முன்னால் ஒரு பச்சைச் சாயம்: நாய், பூனைக் கண் நோய்க்கு ஒரு வழிகாட்டி

ஒரு ஆடி மாதக் காலையில் எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ் நாய் டாமி, இடது கண்ணைப் பாதி மூடியபடி சமையலறை வாசலில் வந்து நின்றது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்துக் காற்று தூசியை அள்ளிக் கொட்டுகிற நேரம் அது. தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மக்கா, நந்தியாவட்டப் பூவக் கசக்கி ரெண்டு சொட்டு விடு, நாளைக்குச் சரியாவும்" என்றார். நான் படித்தவன் அல்லவா? பூவெல்லாம் வேண்டாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தேன். அப்பாவுக்குக் கண்புரை எடுத்தபோது வாங்கிய சொட்டு மருந்து அரைக் குப்பி மிச்சம் இருந்தது. நாளைக்கு மூன்று வேளை விட்டேன்.

இரண்டாம் நாள் டாமி கண்ணை நன்றாகவே திறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்காம் நாள் கருவிழியின் நடுவில் கடுகளவு ஒரு குழி, சுற்றிலும் பால் கலங்கினாற்போல வெள்ளை. மருத்துவரிடம் ஓடியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சொட்டு விட்டீங்க?" குப்பியைக் காட்டினேன். லேபிளில் ஆன்டிபயாட்டிக் பெயர் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் டெக்ஸாமெதசோன். ஸ்டீராய்டு. புண்ணுள்ள கண்ணில் நான்கு நாள் ஸ்டீராய்டை ஊற்றியிருக்கிறேன்.

கண் பிழைத்தது. ஆனால் அரிசிமணி போல ஒரு வெள்ளைத் தழும்பு இன்றும் இருக்கிறது. புதிதாக நாயோ பூனையோ வளர்க்க ஆரம்பித்திருக்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வருவது முக்கியமாக அதைப் பற்றித்தான். சிவந்த கண் என்பது ஒரு நோயின் பெயர் கிடையாது. அதற்குப் பின்னால் ஏழெட்டு நோய்கள் இருக்கலாம். ஒன்றைக் காப்பாற்றுகிற சொட்டு இன்னொன்றில் கண்ணையே அழிக்கும். எது எது என்று பிரித்துக் காட்டுவது மருத்துவரிடம் இருக்கிற ஒரு சின்னக் காகிதப் பட்டையும் அதில் உள்ள சாயமும். அந்தச் சாயம் பார்ப்பதற்கு முன் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும் என்ன, பார்த்த பிறகு என்ன, என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எட்ட நின்று பாருங்கள்

கண்ணில் ஏதோ என்றதும் எல்லோரும் செய்வது, நாயின் தலையைப் பிடித்து இமையைப் பிதுக்குவது. வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் தொடாமல் பாருங்கள். பிடித்துவிட்டால் எந்தக் கண்ணையும் அது சுருக்கத்தான் செய்யும். அப்புறம் எது வலி, எது பயம் என்று பிரிக்க முடியாது.

ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? ஒரு கண் மட்டும் என்றால் கீறல், முள், அடி, இமை மடிப்பு போன்ற அந்தக் கண்ணின் சொந்தப் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் என்றால் உடம்புக்குள் ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். பூனைக்குட்டிக்கு இரண்டு கண்ணிலும் பீளை, கூடவே தும்மல் என்றால் அது பூனைச் சளிக் காய்ச்சல். நாய்க்குட்டிக்குக் கண், மூக்கு இரண்டிலும் சளி, சாப்பாடு இறங்கவில்லை, தடுப்பூசியும் போடவில்லை என்றால் டிஸ்டெம்பர் என்கிற தொற்றுநோய் சந்தேகம். மற்ற நாய்களிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

கண்ணைச் சுருக்குகிறதா, பாதங்களால் தேய்க்கிறதா, தரையில் முகத்தை உரசுகிறதா, வெளிச்சத்தைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போகிறதா? இதெல்லாம் வலி. நாயும் பூனையும் கண்வலிக்குக் கத்தாது. சுருக்கிய இமைதான் அதன் அழுகை. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: சுருக்கிய கண்ணுக்கு அன்றைக்கே மருத்துவர்.

பீளையையும் பாருங்கள். காலையில் உள்மூலையில் காய்ந்த பழுப்புப் பொடி சாதாரணம். வெள்ளை ஸ்பிட்ஸ், ஷீ சூ நாய்களுக்கு மூக்கோரம் செம்பழுப்புக் கோடு விழுவது கண்ணீரிலுள்ள நிறமி ரோமத்தில் ஊறுவதால், ரத்தம் அல்ல. மஞ்சள், பச்சைப் பீளை என்றால் கிருமி சேர்ந்திருக்கிறது. பசை போல, இழுத்தால் நூலாக வருகிற பீளை நாய்க்கு நாள்கணக்கில் வந்தால் வேறு கதை. கண்ணீர் வற்றிப்போகும் நோய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் கிட்டே போய்

வெளிச்சமான திண்ணையில் உட்கார வைத்து, கண்ணுக்கு நேராக அல்லாமல் பக்கவாட்டிலிருந்து மொபைல் டார்ச்சை ஒரு முழ தூரத்தில் ஓரிரு விநாடி மட்டும் காட்டுங்கள். கருவிழிக்கு நடுவிலுள்ள பாப்பா இரண்டு கண்ணிலும் ஒரே அளவில் இருக்கிறதா, வெளிச்சம் பட்டதும் சுருங்குகிறதா என்று பாருங்கள். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தாலே மருத்துவரிடம் கொண்டுபோகப் போதுமான காரணம்.

பார்வை இருக்கிறதா என்று கையை முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்ப்பார்கள். கை ஆட்டினால் காற்று வரும், மீசை ரோமம் உணரும், குருட்டு நாயும் இமைக்கும். அதைவிடப் பஞ்சு உருண்டை நல்லது. ஒரு கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மறு கண்ணின் முன்னால் பஞ்சை மேலிருந்து நழுவ விடுங்கள். சத்தமும் இல்லை, காற்றும் இல்லை. கண் பின்தொடர்ந்தால் பார்வை இருக்கிறது. பூனை சில நேரம் வேண்டுமென்றே கண்டுகொள்ளாது. அது பூனையின் குணம், இரண்டு மூன்று தடவை செய்யுங்கள்.

பார்ப்பதை எல்லாம் மொபைலில் படமெடுத்து வையுங்கள். நாளை கூடியதா குறைந்ததா என்று வாதாட வேண்டியதில்லை.

வீட்டில் செய்யலாம் என்பது இவ்வளவுதான்

மெடிக்கலில் 0.9% நார்மல் சலைன் என்று கேளுங்கள், 100 மில்லி பாட்டில் போதும். ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் சிரிஞ்சில் எடுத்து, உள்மூலையிலிருந்து வெளிப்பக்கம் ஓடும்படி மெல்ல ஊற்றுங்கள். ஒட்டியிருக்கும் பீளையை நனைத்த பஞ்சு ஊறவைக்கும். ஊறிய பிறகு துடையுங்கள், பிய்க்காதீர்கள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் பஞ்சு. திறந்த பாட்டிலை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். வீட்டு உப்பை மனக்கணக்கில் கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அது எரியும், புண்ணைக் கிளறும்.

அடுத்து, தேய்க்காமல் தடுக்க வேண்டும். கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் கூம்பு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு விரல் நீண்டிருந்தால்தான் பலன். இரவுக்குள் கடைக்குப் போக முடியாவிட்டால் ஒரு தடித்த அட்டையைக் கூம்பாகச் சுற்றி டேப் ஒட்டுங்கள். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

சரி, செய்யக்கூடாதவை. மருந்துவாழ்மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெருவுக்கு ஒரு வைத்திய ஆசான் இருந்த ஊரில், வீட்டுக்கு ஒரு கண் வைத்தியம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு, எல்லாம் கேட்டாயிற்று. அவற்றில் பாதி தீமை செய்யாமலிருக்கலாம். ஆனால் செடியிலிருந்து பறித்த பூவோடு மண்ணும் பூஞ்சையும் வரும், புண்ணுள்ள கருவிழிக்கு அது போதும். நான் செய்ததோ இவை எல்லாவற்றையும்விட மோசம். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், ப்ரெட்னிசோலோன் ஆகிய மூன்று பெயர்களில் எது லேபிளில் இருந்தாலும் அந்தக் குப்பி தடை. மனிதருக்கான கண் சொட்டுகளில் பல, ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்தவை. லேபிளின் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

வலிக்கிறது பாவம் என்று பாராசிட்டமால் கொடுப்பது இன்னொரு பழக்கம். பூனைக்கு ஒரே ஒரு மாத்திரை உயிரை எடுத்துவிடும். நாய்க்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வேண்டாம். வயிற்றில் ரத்தக் கசிவும் சிறுநீரகக் கேடும் வரும்.

இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள்

பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்குக் கண்குழி ஆழம் குறைவு. பெரிய நாய் கழுத்தைக் கவ்விக் குலுக்கினாலோ, நாமே பிடரியைப் பிடித்துத் தூக்கினாலோ கண் வெளியே பிதுங்கி, இமை பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். பார்க்கவே கை நடுங்கும். உள்ளே தள்ள முயலாதீர்கள். சுத்தமான துணியைச் சலைனில் நனைத்து மேலே மூடி, வழி நெடுக ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, மணிக்கணக்கை நிமிடக் கணக்காக்கி ஓடுங்கள். பேச்சிப்பாறை, கடையாலுமூடு பக்கம் இருப்பவர்கள் கிளம்பும் முன் போன் செய்து மருத்துவர் இருக்கிறாரா என்று உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது, ரசாயனம். இதில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனிப் பட்டியலே உண்டு. மேற்கே, நாயைப் 'பட்டி' என்று சொல்கிற விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில், ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் வீட்டுப் பின்புறத்திலேயே இருக்கும். ஷீட் அடிக்கும்போது காலடியில் சுற்றுகிற குட்டியின் முகத்தில் தெறிக்கும். அண்டி (முந்திரிக்கொட்டை) சுடுகிற இடங்களில் அண்டித் தோட்டு எண்ணெய் தோலைப் பொத்துவிடும். கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பு இவற்றிலும் மோசம், ஏனென்றால் சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் ஆசிட்டைப் போல மேலோடு நிற்காமல் உள்ளே ஊடுருவிக்கொண்டே போகும். எதுவானாலும் அந்த நிமிடமே குழாய்த் தண்ணீர். சலைன் தேடி மெடிக்கலுக்கு ஓட வேண்டாம். சுண்ணாம்புத் துணுக்கு தெரிந்தால் ஈரப் பஞ்சால் எடுத்துவிட்டுக் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள், பிறகு வண்டியை எடுங்கள்.

கடற்கரை ஊர்களில் தூண்டில் முள். மீன் வாசனைக்கு முகர்ந்து இமையில் மாட்டிக்கொண்டு வரும் பூனைகளைக் குளச்சல், முட்டம் பக்கம் உள்ளவர்கள் பார்த்திருப்பார்கள். முள்ளுக்கு எதிர்முள் இருக்கிறது, இழுத்தால் கிழியும். முள்ளில் கட்டியிருக்கும் தூண்டில் நூலை மட்டும் கத்தரித்து, முள்ளை அப்படியே விட்டுக் கொண்டுபோங்கள்.

கண்ணுக்குள் ரத்தம் தேங்கியது, பாப்பா விரிந்து கண் நீலம் பாய்ந்து சிவந்தது, திடீரென்று சுவரில் மோதுவது, இவையும் அன்றைக்கே. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டியின் மூடிய இமை வீங்கியிருந்தால் உள்ளே சீழ் சேர்ந்திருக்கிறது. குட்டிகள் 10 முதல் 14 நாளில் கண் திறக்கும். தானாகத் திறக்கட்டும் என்று அதுவரை விட்டால் கருவிழி உள்ளேயே அழுகிப்போகும்.

மருத்துவர் மேசையில் நடப்பது

அரசு கால்நடை மருந்தகமோ தனியார் கிளினிக்கோ, போகும்போது அதுவரை விட்ட எல்லாக் குப்பிகளையும் எடுத்துச் செல்லுங்கள். "ஏதோ வெள்ளைக் குப்பி" என்பது தகவல் ஆகாது.

நல்ல கண் பரிசோதனைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கண்ணீர் அளவு. ஷிர்மர் என்கிற காகிதப் பட்டையைக் கீழ் இமைக்குள் செருகி ஒரு நிமிடம் வைப்பார்கள். நாய்க்கு 15 மி.மீ. அளவுக்கு மேல் நனைந்தால் நல்லது. 10-க்குக் கீழே, கூடவே பசைப் பீளையும் என்றால் கண்ணீர் வற்றியிருக்கிறது. வேறு எந்தச் சொட்டு விட்டாலும் இந்தக் கணக்கு தவறிவிடும், அதனால்தான் இது முதல். கிளம்பும் முன் கண்ணைக் கழுவிச் சுத்தமாகக் கொண்டுபோகிறேன் என்று சலைன் ஊற்றாதீர்கள் என்பதும் இதனால்தான்.

பிறகு கண் அழுத்தம். டோனோமீட்டரால் தொட்டுப் பார்ப்பார்கள். நாய், பூனை இரண்டுக்கும் 10 முதல் 25 மி.மீ. பாதரசம் வரை சாதாரணம். எல்லா இடத்திலும் இந்தக் கருவி இருக்காது. அழுத்த நோய் சந்தேகம் என்றால் இருக்கிற இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் நான் சொன்ன சாயம். ஃப்ளூரசின். டாமிக்குச் செய்ததை நான் மூக்குக்கு நேரே நின்று பார்த்தேன். குங்குமப்பூ நிறத்தில் நுனியுள்ள ஒரு மெல்லிய பட்டை. அதில் ஒரு சொட்டு சலைன் விட்டு, கண்ணின் வெள்ளையில் லேசாகத் தொட்டார். இமைத்ததும் கண் முழுக்கப் பச்சையாயிற்று. சலைனால் கழுவினார். மற்ற இடமெல்லாம் பச்சை போய்விட்டது, நடுவில் மட்டும் போகவில்லை. அறை விளக்கை அணைத்து நீல ஒளியைக் காட்டியபோது மின்மினி உட்கார்ந்தாற்போல ஒரு வட்டம் எரிந்தது. மேல்தோல் உரிந்த இடத்தில் மட்டும்தான் சாயம் ஒட்டும். அந்த வட்டத்தின் மையத்தில் மறுபடி ஒரு கறுப்புப் புள்ளி. சாயம் ஒட்டாத கறுப்பைப் பார்த்து நான் நிம்மதியடைந்தேன். மருத்துவர் அடையவில்லை. புண் கடைசிப் படலம் வரை இறங்கிவிட்டால் அந்தப் படலம் சாயம் வாங்காது, அதன் கீழே ஓட்டைதான் என்றார். நாயின் கருவிழியின் மொத்தத் தடிமனே அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

வீட்டுக்கு வந்தபின் மூக்கிலிருந்து பச்சை நீர் வந்தால் பதறாதீர்கள். கண்ணீர்க் குழாய் அடைப்பில்லாமல் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

புண்ணுக்கு என்ன வைத்தியம்

சாதாரண மேலோட்டப் புண் ஐந்து முதல் ஏழு நாளில் ஆறிவிடும். டோப்ராமைசின், மாக்ஸிஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சொட்டு, வலிக்கு அட்ரோபின், கழுத்தில் கூம்பு. அட்ரோபின் விட்டால் பாப்பா நாள்கணக்கில் விரிந்தே இருக்கும், வெயில் கூசும், நிழலில் வையுங்கள். பூனைக்கு விட்டால் நுரை நுரையாக எச்சில் வழியும். கசப்பு மூக்கு வழியாகத் தொண்டைக்குப் போவதால். விஷமாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

ஏழு நாளில் ஆறவில்லை என்றால் மருந்தை மாற்றிக்கொண்டே போவது தப்பு. ஏன் ஆறவில்லை என்று தேட வேண்டும். இமைக்கு அடியில் புல் முள் ஒட்டியிருக்கலாம், உள்நோக்கி முளைத்த ரோமம் உரசலாம், இமை உட்புறம் மடிந்திருக்கலாம், கண்ணீர் இல்லாமல் இருக்கலாம், பூனை என்றால் ஹெர்ப்பஸ் வைரஸாக இருக்கலாம்.

டாமிக்கு வந்தது போல உருகுகிற புண் என்றால் மணிக்கொரு தரம் சொட்டு. எனக்கு அதிசயமாக இருந்தது இன்னொன்று: அதன் காலிலிருந்தே ரத்தம் எடுத்து, சுழற்றி, மேலே தெளிந்து நிற்கிற சீரத்தைச் சொட்டு மருந்தாகக் கொடுத்தார்கள். கருவிழியைக் கரைக்கிற நொதிகளை அது தடுக்கும். ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் டாமியின் சீரம் பத்து நாள் இருந்தது. இதற்கும் கேட்காத ஆழமான புண்ணுக்கு, பக்கத்து வெண்படலத்தை எடுத்து ஒட்டுகிற அறுவை சிகிச்சை உண்டு.

இனி வேடிக்கையைப் பாருங்கள். டாமியின் கண்ணைக் கெடுத்த அதே ஸ்டீராய்டுதான், கண்ணின் உள்ளே அழற்சி வந்த நாயின் பார்வையைக் காப்பாற்றும் மருந்து. அந்தக் கண்ணும் சிவப்புதான், அதுவும் சுருக்கும். பாப்பா சுருங்கி, கண் மங்கலாக இருக்கும். நம் ஊரில் இதற்கு ஒரு பெரிய காரணம் உண்ணிக் காய்ச்சல். உண்ணி பரப்புகிற எர்லிக்கியா கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து, கண்ணுக்குள் ரத்தம் கசியச் செய்யும். அப்போது கண்ணுக்கு மட்டும் மருந்து விட்டுப் பயனில்லை. ரத்தப் பரிசோதனை, டாக்சிசைக்ளின் 28 நாள், வீட்டுச் சுவரிடுக்கு வரை உண்ணி ஒழிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் கண் சிகிச்சை. சாயம் ஒட்டவில்லை என்று பார்த்த பிறகே ஸ்டீராய்டு.

மூன்றாவது சிவப்பு, கண் அழுத்த நோய். இதில் பாப்பா விரிந்திருக்கும், கண் நீலம் பாயும், நாய் தலையைத் தொட விடாது. ஒன்றிரண்டு நாளில் பார்வை திரும்பாமலே போகலாம். லட்டனோப்ரோஸ்ட், டார்சோலமைட், டிமோலால் எல்லாம் மனிதருக்குக் கொடுக்கிற அதே மருந்துகள்தான், ஆனால் உள்ளழற்சியால் வந்த அழுத்தத்துக்கு லட்டனோப்ரோஸ்ட் ஆகாது, அழுத்த நோய்க்கு அட்ரோபின் ஆகாது. பார்வை போய் வலி மட்டும் மிஞ்சிய கண்ணை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னால், அதைக் கொடுமை என்று நினைக்காதீர்கள். அப்படிக் கண் எடுத்த நாய் அடுத்த வாரமே பழையபடி வாலாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

'கண்ணில் பூ விழுந்துட்டு'

நம் ஊர்ப் பேச்சில் கண் வெளுத்தால் எல்லாமே பூ விழுந்ததுதான். இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு விஷயங்கள் இருக்கின்றன. டாமிக்கு இருப்பது ஆறிய புண்ணின் தழும்பு. கருவிழி முழுக்க நீலம் பாய்ந்து வெளுத்தால் அது நீர் கோத்தது. அழுத்தமோ உள்ளழற்சியோ காரணம். ஏழெட்டு வயதுக்கு மேல் இரண்டு கண்ணிலும் பாப்பாவுக்குள்ளே நீலச் சாம்பல் மங்கல் தெரிந்து, நாய் பந்தைச் சரியாகக் கவ்வுகிறது என்றால், அது லென்ஸ் வயதாகி இறுகியது, வைத்தியமே தேவையில்லை. நான்காவதுதான் உண்மையான கண்புரை.

கண்புரையைக் கரைக்கும் சொட்டு என்று எதை விற்றாலும் வாங்காதீர்கள். அறுவை சிகிச்சை ஒன்றே வழி, அதுவும் விழித்திரை நன்றாக இருக்கிறதா என்று சோதித்த பிறகு. நாய் சில வாரங்களில் சட்டென்று புரை விழுந்து, கூடவே தண்ணீர் நிறையக் குடித்து நிறைய மூத்திரம் போனால் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை நோயுள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரை வருகிறது.

வற்றிய கண், செர்ரிக் கண்

பசைப் பீளை வந்தால் 'இன்ஃபெக்‌ஷன்' என்று மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் விட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறைய. கண்ணீர் வற்றிய கண்ணுக்கு வேண்டியது சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ், கூடவே செயற்கைக் கண்ணீர். பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும், வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும். நிறுத்தினால் கருவிழி கறுத்துத் தோல் போலாகிவிடும். பக் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

குட்டியின் உள்மூலையில் சிவப்பாகக் கோவைப்பழம் போல ஒரு சதை தள்ளினால் செர்ரிக் கண். மூன்றாவது இமையின் கண்ணீர்ச் சுரப்பி வெளியே வந்திருக்கிறது. அதை வெட்டி எறிவது ஐந்து நிமிட வேலை. ஆனால் கண்ணீரில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தருகிற சுரப்பி அது. வெட்டினால் சில வருடம் கழித்து வற்றிய கண் வரும். உள்ளே திரும்பப் பதித்துத் தைக்கச் சொல்லுங்கள்.

பூனைக்குத் தனியாகச் சில

பூனைக்குட்டிகளின் கண் நோயில் பெரும்பங்கு ஹெர்ப்பஸ் வைரஸ். ஒருமுறை வந்தால் உடம்பிலேயே தங்கி, வீடு மாறினாலோ புதுப் பூனை வந்தாலோ மறுபடி தலைகாட்டும். ஸ்டீராய்டுச் சொட்டு இதற்கு எண்ணெய் ஊற்றுவது போல. கண் வெண்படலம் பொதபொதவென்று வீங்கியிருந்தால் கிளமைடியா கிருமியாக இருக்கலாம், டாக்சிசைக்ளின் கேட்கும். இந்த மாத்திரையை வெறும் தொண்டையில் போடாமல் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீரோ சோறோ கொடுங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும்.

வயதான பூனை ஒரே இரவில் பார்வை இழந்து, இரண்டு பாப்பாவும் விரிந்து நின்றால் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பூனைக்கும் பி.பி. உண்டு, சிறுநீரகக் கோளாறோடு சேர்ந்து வரும், விழித்திரையைப் பிய்த்துவிடும். ஆம்லோடிபின் உடனே தொடங்கினால் சிலவற்றுக்குப் பார்வை ஓரளவு திரும்பும்.

சாப்பாட்டுக்கும் கண்ணுக்கும் தொடர்பு பூனையில்தான் அதிகம். டாரின் என்ற சத்து குறைந்தால் விழித்திரை கெடும். நாய்த் தீனியையோ வெறும் பால் சோற்றையோ நம்பி வளர்கிற பூனைக்கு இது வரலாம். மீன் வேகவைத்த தண்ணீரில் டாரின் இறங்கிவிடும்; தண்ணீரைக் கொட்டாமல் சோற்றோடு பிசைந்து கொடுங்கள், கூடவே பூனைக்கென்றே செய்த தீனியும் இருக்கட்டும்.

சொட்டு விடும் வித்தை

மருந்து எழுதி வாங்கிய பிறகு முக்கால்வாசிப் பேர் தோற்பது இங்கேதான். டாமி முதல் நாள் என் மணிக்கட்டைக் கவ்வியது. பிறகு கற்றுக்கொண்டது இது. நாயை, துணி துவைக்கிற கல் மாதிரி இடுப்பு உயரமுள்ள இடத்தில், முதுகு உங்கள் நெஞ்சில் படும்படி உட்கார வையுங்கள். முகத்துக்கு நேரே குப்பியைக் கொண்டுபோகாதீர்கள். கண்ணுக்கு நேரே வருகிற எதையும் அது எதிரியாகத்தான் பார்க்கும். இடது கையால் தாடையைத் தாங்கி மூக்கை மேலே தூக்குங்கள். குப்பி பிடித்த வலது கையின் அடிப்பகுதியை அதன் நெற்றியில் ஊன்றுங்கள். தலை அசைந்தால் கையும் கூட அசையும், நுனி குத்தாது. கட்டை விரலால் மேல் இமையை மேலிழுத்து, ஒரு சொட்டு. ஒன்றே போதும், இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். குப்பி நுனி கண்ணில் படக்கூடாது. உடனே ஒரு பிஸ்கட் துண்டு. மூன்றாம் நாள் முதல் டாமி குப்பியைக் கண்டால் தானாகக் கல்லுக்கு வந்தது, பிஸ்கட்டுக்காகத்தான்.

பூனையைத் துண்டில் சுருட்டித் தலை மட்டும் வெளியே விடுங்கள். இரண்டு வகைச் சொட்டு என்றால் நடுவே ஐந்து பத்து நிமிடம் இடைவெளி, களிம்பு கடைசியில். குப்பியில் திறந்த தேதியை எழுதுங்கள். ஒரு மாதம் தாண்டினால் குப்பைக்கு. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள்.

தெரு நாய்க்கு மருந்து விடுகிற நல்ல மனசுக்காரர்கள், முன்தடுப்பு வெறிநோய் ஊசி போட்டுக்கொண்டு இறங்குங்கள். பல் பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரி.

நம் மாவட்டத்தில் முடியாத அறுவை சிகிச்சை என்றால் இரண்டு திசை உண்டு. கிழக்குப் பக்கத்தவர்களுக்கு நாகர்கோவிலிலிருந்து சுமார் 80 கி.மீ. தூரத்தில் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்களுக்குத் திருவனந்தபுரமே பக்கம். கண்புரை போன்றவற்றுக்குச் சென்னை வேப்பேரியில் உள்ள, 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி வரை ரயிலேறிப் போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் முதலில் பார்த்த மருத்துவரின் கடிதம், மருந்துச் சீட்டு, படங்கள் கையில் இருக்கட்டும்.

எல்லாம் செய்தும் பார்வை போய்விட்டால், கட்டில், மேசை, தண்ணீர்ச் சட்டி எதையும் இடம் மாற்றாதீர்கள். ஒரு வாரத்தில் நாய் வீட்டை மனப்பாடம் செய்துவிடும். தொடும் முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பின்புறம் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் முதல் வேலையாக வலை போட்டு மூடுங்கள், குளத்தங்கரைப் பக்கம் கயிறில்லாமல் விடாதீர்கள்.